காக்பிட் கதவு திறக்கும் நேரம்

மெக்கா அனிமே, அதாவது ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோக்கள் வரும் ஜப்பானிய அனிமேஷன், பற்றி யாரோடு பேச ஆரம்பித்தாலும் பத்து நிமிடத்தில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும். எந்த ரோபோ பெரியது, எது எதை வீழ்த்தும். எனக்கும் அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை வருடம் பார்த்ததில் சண்டைகள் பாதிக்கு மேல் மறந்தே போய்விட்டன, எந்தத் தொடரில் யார் யாரை எதால் வெட்டினார் என்று கேட்டால் முழிப்பேன். மறக்காமல் இருப்பது வேறு ஒன்று. சண்டை நிற்கிறது, ரோபோவை ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டின் கதவு திறக்கிறது, அல்லது உடைகிறது, உள்ளே இருக்கும் ஆளின் முகம் தெரிகிறது. அந்த ஒரு நொடியை ஒரு டைரக்டர் எப்படிக் கையாளுகிறார் என்பதை வைத்தே அந்தத் தொடர் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவாகிவிடுகிறது. கொஞ்சம் கிறுக்குத்தனமான அளவுகோல்தான், ஆனால் இதுவரை ஏமாற்றவில்லை.

ஸ்பாய்லர் இல்லாமல் இதை எழுத முடியாது. முடிவு வரைக்கும் போட்டு உடைத்திருக்கிறேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

நான் பார்த்தது தலைகீழ் வரிசையில். முதலில் கோட் கியாஸ், அப்புறம் இவாங்கெலியன், கடைசியாகத்தான் 1979-இல் வந்த முதல் ‘கண்டம்’ (Gundam) தொடர். அதை மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் விட்டேன். படம் வரைந்த விதம் பல எபிசோடுகளில் அவ்வளவு மோசம், ஒரே வெடிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். நான்காவது முறை 19-ஆவது எபிசோடு வரைக்கும் தாக்குப்பிடித்தேன். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை.

அந்த எபிசோடில் அமுரோ, பதினைந்து வயதுப் பையன், கோபித்துக்கொண்டு, தான் ஓட்டும் கண்டம் என்ற ரோபோவையே எடுத்துக்கொண்டு போர்க்கப்பலை விட்டு ஓடிவந்திருக்கிறான். பாலைவனத்தில் ஒரு பாழடைந்த ஊர், அதில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே எதிரிப் படை அதிகாரி ராம்பா ரால் தன் ஆட்களோடும் ஹாமோன் என்ற பெண்ணோடும் வந்து உட்காருகிறார். தனியாக உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து ஹாமோன் அவனுக்கும் சாப்பாடு வாங்கித் தரச் சொல்கிறாள். அவனோ, காரணம் இல்லாமல் வாங்கிச் சாப்பிட நான் பிச்சைக்காரன் இல்லை என்கிறான். ராலுக்கு அந்த ரோஷம் பிடித்துப்போகிறது. அதற்குள் அமுரோவைத் தேடிவந்த அவன் தோழி பிராவ் பிடிபட, அவள் சீருடையிலிருந்தே இவன் யார் பக்கம் என்பது ராலுக்குப் புரிந்துவிடுகிறது. அமுரோவின் மேலங்கியை விலக்கினால் உள்ளே துப்பாக்கி. ரால் சிரித்துவிட்டு இருவரையும் போக விடுகிறார், போர்க்களத்தில் சந்தித்தால் இப்படி நடக்காது என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லி.

கொஞ்ச நேரத்தில் இருவரும் ரோபோக்களில் மோதுகிறார்கள். வெட்டு விழுந்து இரண்டு காக்பிட்டும் பிளந்துகொள்கின்றன. அந்த ஓட்டை வழியாக ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது. சற்று முன்பு பார்த்த அதே பையன், அதே ஆள்.

டைரக்டர் தோமினோ இதை நீட்டவே மாட்டார். இசையை ஏற்றி, கண்களுக்குள் கேமராவைக் கொண்டுபோய், பழைய காட்சிகளைத் திரும்பக் காட்டி அழ வைக்கிற வேலை கிடையாது. நீ ஜெயித்தது உன் திறமையால் இல்லை, உன் ரோபோவின் திறமையால் என்று ரால் ஒரு குத்து விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தப்பித்துப் போய்விடுகிறார். அவ்வளவுதான். கப்பலுக்குத் திரும்பும் அமுரோவைத் தனியறையில் போட்டுப் பூட்டுகிறார்கள், அங்கே உட்கார்ந்து அந்த ஆளை ஜெயிக்க வேண்டும் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். நாடு, போர், நியாயம் எல்லாம் போய், தன்னை மதித்த ஒரு பெரிய மனிதனிடம் பேர் வாங்கத் துடிக்கிற பையன் ஆகிவிட்டான். 52 எபிசோடுகளுக்குத் திட்டமிட்டு, பார்ப்பவர் எண்ணிக்கையும் பொம்மை விற்பனையும் சரியில்லை என்று 43-இல் முடிக்கப்பட்ட தொடர் இது. இத்தனை வருடம் கழித்தும் இதைப் பற்றிப் பேச வைப்பது இந்த மாதிரி இடங்கள்தான் என்பது என் எண்ணம்.

(இன்னொன்று. அமுரோவை அறையும் கேப்டன் பிரைட்டுக்கு வயது 19. முதலில் பார்த்தபோது அவன் ஒரு முசுடு என்று தோன்றியது. இப்போது பார்த்தால் தூக்கமில்லாமல் கப்பல் ஓட்டுகிற ஒரு சின்னப் பையன், வேறென்ன.)

இதற்கு முந்தைய காலத்தில் காக்பிட் ஒரு ரகசியமாகவே இல்லை. 1972-இல் வந்த மாசிங்கர் Z-இல் கோஜி ஒரு சின்ன விமானத்தில் பறந்துவந்து ரோபோவின் தலையில் போய் உட்காருவான், வாராவாரம் அதே காட்சி. அவன்தான் மூளை, ரோபோதான் உடம்பு. அதில் குழப்பமே கிடையாது, குழப்பம் வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இவாங்கெலியனுக்கு வந்தால் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. 1995-இல் வந்த தொடர், ஹிதேயாகி அன்னோ. பதினாலு வயது ஷிஞ்சியை ஒரு குழாய்க்குள் உட்கார வைத்து, மூச்சு விடுவதற்கென்றே ஒரு திரவத்தை நிரப்பி, ரோபோவின் முதுகில் செருகுகிறார்கள். மின்கம்பி அறுந்தால் பேட்டரி ஐந்தே நிமிடம். எல்லாரும் இவா என்ற அந்த ரோபோவின் உயரத்தையும் நிறத்தையும் பற்றிப் பேசுவார்கள். எனக்கு இரண்டாவது எபிசோடைப் பற்றிப் பேசத்தான் ஆசை. முதல் எபிசோடு சண்டை தொடங்கும் இடத்தில் முடிந்திருக்கும். சரி, இப்போது சண்டை என்று நாம் உட்கார்ந்தால், இவா அடி வாங்குகிறது, சட்டென்று காட்சி வெட்டப்படுகிறது, ஷிஞ்சி ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் விழித்து, முன்பின் பார்க்காத கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். நடுவில் என்ன ஆயிற்று? யாரும் சொல்வதில்லை. புது வீட்டுக்குப் போகிறான், குளிக்கிறான், பென்குவினைப் பார்த்துப் பதறுகிறான். எபிசோடின் கடைசியில் ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போதுதான் அந்தச் சண்டை அவனுக்கு ஞாபகம் வருகிறது, நமக்கும் அப்போதுதான் காட்டுகிறார்கள். அதுவும் எப்படி முடிகிறது? கவசம் கழன்று விழுந்த இவாவின் முகம் எதிர்க் கட்டடக் கண்ணாடியில் தெரிய, அதில் ஒரு கண் திறந்து அவனைப் பார்க்கிறது. இங்கே தெரியும் முகம் பைலட்டுடையது இல்லை, ரோபோவினுடையது. அதே சண்டையை வரிசைப்படி காட்டியிருந்தால் அது ஒரு வெற்றி. இப்படிக் காட்டியதால் தூங்கவிடாத ஒரு கெட்ட ஞாபகம்.

நிறுத்தி வைப்பதில் அன்னோவுக்கு இருக்கும் துணிச்சல் வேறு யாருக்கும் இல்லை. லிஃப்டில் மற்ற இரண்டு பைலட்டுகள் ரெய்யும் ஆசுகாவும் நிற்கும் 22-ஆவது எபிசோடுக் காட்சி, ஷிஞ்சியின் நண்பன் காவோருவைக் கையில் பிடித்தபடி இவா அசையாமல் நிற்கும் 24-ஆவது எபிசோடுக் காட்சி, இரண்டிலும் ஒரு நிமிடத்துக்குப் பக்கமாக ஒரே படம்தான் திரையில். பணமும் நேரமும் மிச்சம் ஆகியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதில், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஓடிக்கொண்டிருக்க, ஷிஞ்சி நசுக்கப்போகிறானா விடப்போகிறானா என்று நான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன், படம் அசையாமல் நிற்க நிற்க என் வயிறுதான் பிசைந்தது.

வோட்டம்ஸ் (1983, ரியோசுகே தகஹாஷி) இதற்கெல்லாம் நேர் எதிர். அதில் ரோபோ என்பது சுமார் 4 மீட்டர் உயரத் தகரடப்பா. கண்டம் 18 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு சின்னது என்று தெரியும். ஹீரோ கிரிகோவுக்கு ‘என் ரோபோ’ என்ற பாசமே கிடையாது. உடைந்தால் கதவைத் திறந்து குதித்து ஓடிவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்வான். கதவுக்குப் பின்னால் தெரிகிற அவன் முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்காது. ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக, பேசாத இந்த மனிதன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறுவதைக் கவனிக்க ஆரம்பித்தேன், அதற்காகவே 52 எபிசோடையும் பார்த்தேன்.

பாட்லேபர் கதை தனி. நோவா தன் போலீஸ் ரோபோவுக்கு ஆல்போன்ஸ் என்று செல்லப் பெயர் வைத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வாள். 1993-இல் வந்த இரண்டாவது படத்தில் மமோரு ஓஷி என்ன செய்தார் தெரியுமா, அந்த ரோபோக்களையே ஓரம் கட்டிவிட்டு, பனி கொட்டும் டோக்கியோ தெருக்களில் ராணுவ டாங்கிகள் சும்மா நிற்பதை நிதானமாகக் காட்டினார். மெக்கா படத்தில் மெக்கா இல்லை என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கோ அந்த டாங்கிகள் நிற்பதே போதுமான பயமாக இருந்தது.

கோட் கியாஸில் (2006, கோரோ தனிகுச்சி) கதவு கதையின் விதிமுறைக்குள்ளேயே இருக்கிறது, அதுதான் அதன் புத்திசாலித்தனம். ஹீரோ லெலூஷின் கட்டளைக்கு யாரும் கீழ்ப்படிந்தே தீரவேண்டும், ஆனால் கண்ணோடு கண் பார்த்தால்தான் அந்தச் சக்தி பலிக்கும். தொடக்கத்திலேயே எதிரியின் நைட்மேர் (இந்தத் தொடரில் ரோபோவுக்குப் பெயர்) ஒன்று சுவரை உடைத்துக்கொண்டு வந்து நிற்க, இவன் வெளியே வா என்று கட்டளையிடுகிறான், பலிக்கவில்லை. உள்ளே இருப்பவள் இவனைக் கேமராவில்தானே பார்க்கிறாள். உடனே தான் ஒரு பிரபுவின் மகன் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டு, அவளை வெளியே வரவழைத்து, கண்ணைப் பார்த்து ரோபோவையே வாங்கிக்கொள்கிறான். ஹீரோவின் மூளை, கர்வம், சக்தியின் எல்லை மூன்றும் சில நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. பாடம் நடத்தவே இல்லை.

அதே தொடரில் 17-ஆவது எபிசோடில், இத்தனை நாளும் லெலூஷின் திட்டங்களைக் கெடுத்துவந்த வெள்ளை நைட்மேரின் காக்பிட்டை ஒரு வெட்டு பிய்த்தெறிகிறது, உள்ளே உட்கார்ந்திருப்பது உயிர் நண்பன் சுசாகு. லெலூஷ் சிரிக்க ஆரம்பிக்கிறான், நிறுத்த முடியாத சிரிப்பு. அமுரோவும் ராலும் பார்த்துக்கொண்ட அதே ஓட்டைதான், ஆனால் அங்கே இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள், இங்கே ஒருவன் மட்டும் பார்க்கிறான், மற்றவனுக்கு, தான் எதிர்த்துச் சண்டை போடும் முகமூடிக்காரன் லெலூஷ்தான் என்றே தெரியாது. தோமினோ ஒரு மூச்சில் கடந்துபோன விஷயத்தைத் தனிகுச்சி நாடக மேடையாக்கிவிடுகிறார். மிகைதான். அந்தத் தொடருக்கு மிகை பொருந்தும். இரண்டாவது சீசனில் இதே மிகையை எபிசோடுக்கு இரண்டு திருப்பம் என்று கொட்டியபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் திகட்டியது, முடிவு நன்றாக இருந்ததால் மன்னித்துவிட்டேன்.

குர்ரென் லகானில் இந்த அளவுகோல் வேலையே செய்யாது. ரோபோவுக்கே மூஞ்சி, அந்த மூஞ்சியும் கத்தும். பாதி நேரம் பைலட்டுக்கும் ரோபோவுக்கும் வித்தியாசம் தெரியாது. டைரக்டர் இமாயிஷிக்கு ஒளித்து வைப்பதில் அக்கறையே இல்லை, எனக்கும் அங்கே அது தேவைப்படவில்லை.

2022-இல் தொடங்கிய கண்டம் தொடர், விட்ச் ஃப்ரம் மெர்க்குரி. ஷிஞ்சி ‘ஓடக்கூடாது’ என்று தனக்குத்தானே முணுமுணுப்பான், அது பயத்தில் வந்த வார்த்தை. இங்கே நாயகி சுலெட்டாவுக்கு அம்மா ஊட்டி வளர்த்தது: ஓடினால் ஒன்று கிடைக்கும், முன்னே போனால் இரண்டு கிடைக்கும். முதலில் கேட்கும்போது தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரிதான் இருக்கும். முதல் பாதியின் கடைசி எபிசோடில், தனக்கு நிச்சயிக்கப்பட்ட மியோரினேயைத் துப்பாக்கியோடு நெருங்கும் ஒருவனை ரோபோவின் கையால், கொசுவை அடிப்பது போல அடித்துவிட்டு, கதவைத் திறந்து சிரித்தபடி இறங்கி வருகிறாள். ரத்தத்தில் கால் வழுக்குகிறது, அதற்கும் சிரிக்கிறாள், ரத்தம் தோய்ந்த கையை நீட்டுகிறாள். மியோரினே நடுங்கிக்கொண்டு, ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கிறாள். பதினோரு எபிசோடாக நாம் ரசித்த அதே வெகுளிச் சிரிப்பு. ஒரு கோடு கூட மாற்றாமல் அதை வைத்தே பயமுறுத்திவிட்டார்கள். கோட் கியாஸ் எழுதிய இச்சிரோ ஒகோச்சிதான் இதற்கும் எழுத்து, தெரிந்தபோது ஆச்சரியப்படவில்லை. இரண்டாவது பாதி அவசர அவசரமாக ஓடியது என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்றால் நான் எடுப்பது கண்டம் வரிசையில் 1989-இல் ஆறே எபிசோடுகளாக வந்த ‘வார் இன் த பாக்கெட்’. டைரக்டர் ஃபுமிஹிகோ தகயாமா. அல் என்ற பள்ளிக்கூடச் சிறுவன், ரோபோ என்றால் உயிர். அவனுக்கு இரண்டு பெரியவர்களைப் பிடிக்கும்: பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ், அவன் நட்பு பிடித்துக்கொண்ட எதிரிப் படை வீரன் பெர்னி. அவர்கள் இருவருக்குள்ளும் லேசான ஈர்ப்பு. கடைசி எபிசோடில் பெர்னி ஸாக்கு என்ற எதிரிப் படை ரோபோவில், கிறிஸ் கண்டத்தில். எதிரே யார் என்று இருவருக்குமே தெரியாது. சண்டையே தேவையில்லை என்று தெரிந்துபோய் அல் மூச்சிறைக்க ஓடிவருகிறான், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கண்டத்தின் காக்பிட்டைத் திறந்து அடிபட்ட கிறிஸ்ஸை வெளியே எடுக்கிறார்கள். இரண்டு ரோபோவிலும் இருந்தது யார் என்று தெரிந்தவன் அல் மட்டும்தான். பெர்னி இருந்த பக்கம் திறப்பதற்குக் கதவே மிச்சமில்லை.

பிறகு கிறிஸ் ஊரை விட்டுப் போகும்முன் விடைபெற வந்து, பெர்னியிடமும் சொல்லிவிடு என்கிறாள். அல் உண்மையைச் சொல்வதில்லை. அடுத்து பள்ளிக்கூட மைதானத்தில் தலைமையாசிரியர் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, வரிசையில் நின்றபடியே அவன் அழ ஆரம்பிக்கிறான். போர் முடிந்துவிட்டதே என்றுதான் அழுகிறான் என்று நினைத்து, பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் அவனைத் தேற்றுகிறார்கள்: அழாதேடா, சீக்கிரமே இன்னொரு போர் வரும், இதைவிடப் பெரிதாக.