திண்ணையில் கேட்ட கேள்விக்கு ஒரு லீக்

சேர்வராயன் மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெண் பிள்ளைகளைக் கால்பந்து ஆட வைப்பதுதான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பந்தைப் போட்டால் போதும், ஓடி வந்துவிடுவார்கள். கஷ்டமெல்லாம் பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான்.

"ஆடி என்ன ஆகப்போகிறது டீச்சர்?"

போலீஸ், ரயில்வே, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு என்று அடுக்குவேன். எல்லாமே ஆட்டத்தைக் காட்டி வேறொரு வேலைக்குப் போகிற வழிகள். ஆட்டமே வேலை என்று சொல்ல அப்போது என்னிடம் எதுவும் இல்லை. ஆசியக் கோப்பையில் 1980லும் 1983லும் இரண்டாமிடம் பிடித்தவர்கள் இந்தியப் பெண்கள். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்களுக்கென்று ஒரு தேசிய லீக் கிடையாது. ஆண்களுக்கோ அதற்குள் ஐ-லீக் வந்து, ஐ.எஸ்.எல்.லும் வந்துவிட்டது.

ஒருவழியாக இந்திய மகளிர் லீக் தொடங்கியது. 2016 அக்டோபரில் கட்டக்கில் தகுதிச் சுற்று. 2017 ஜனவரிக் கடைசியில் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் ஆறு அணிகள் மோதின. அவற்றில் ஒன்று நம் ஜேப்பியார் கல்லூரி அணி. பிப்ரவரி 14 அன்று மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட் கிளப்பை 3-0 என்று வென்றது. அத்தோடு சரி. மூன்று வாரம்கூட ஓடவில்லை. ஆண்டு முழுவதும் பயிற்சி எடுத்த பெண்ணுக்குக் கையளவு ஆட்டங்கள், அதுவும் ஒரே ஊரில். சொந்த ஊர் மைதானத்தில் சித்தப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்து பார்க்காத லீக்கை வைத்துக்கொண்டு எந்த அப்பாவிடம் பேசுவது? எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனாலும் பிள்ளைகளிடம் ஏதோ மாறியது. எங்கள் மைதானம் செம்மண். மழைக்குப் பிறகு வெள்ளைக்கல் துண்டுகள் மேலே கிளம்பி நிற்கும். விழுந்தால் முழங்கால் கிழிந்துவிடும். ஆட்டத்துக்கு முன் வரிசையாக நடந்து கல் பொறுக்க வேண்டும். நான் கத்தினால்தான் குனிவார்கள். அந்த ஆண்டு நான் போவதற்குள் பொறுக்கிக் குவித்து வைத்திருந்தார்கள். அளவு சரியில்லாத ஷூவின் முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு, யார் கோல்கீப்பர் என்று அடித்துக்கொண்டார்கள்.

என் வேலையோ மைதானத்திலிருந்து காகிதத்துக்கு நகர்ந்தது. வீரரைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் சிலருக்குப் பள்ளியில் ஒரு தேதி, சான்றிதழில் இன்னொரு தேதி. தாலுகா அலுவலகத்துக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தது. ஒரு தேசிய லீக்கின் அஸ்திவாரம் அந்த வரிசையில்தான் நிற்கிறது என்று அங்கே காத்திருக்கும்போது தோன்றும். என் எரிச்சலுக்கு அது ஒரு சமாதானம்.

2019இல் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்திக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஜெயித்துவிட்டது என்று திண்ணைகளில் சொல்ல முடிந்தது. அதைவிடப் பெரிய பிடிமானம் 2023இல் கிடைத்தது. லீக்கின் முதல் எட்டு அணிகள் தலா பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் தர வேண்டும் என்று கால்பந்து சம்மேளனம் அறிவித்தது. 2023-24 பருவத்தில் களமிறங்கிய ஏழு அணிகளும் ஊர் ஊராகப் போய் ஆடின. அணிக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். என்னைக் கேட்டால், லீக் உண்மையில் தொடங்கியது அப்போதுதான்.

இப்போது அப்பாக்களின் கேள்வி வேறு: "எந்த மாதம் டீச்சர்?" நியாயமான கேள்வி. பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. டெல்லியில் முதல் லீக் நடந்ததும் அதே நாட்களை ஒட்டித்தான். அட்டவணையைப் பள்ளி திறக்கும் ஜூனிலேயே வெளியிட்டால், தேர்வுத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுவேன்.