சீந்தில் சர்க்கரை எடுத்துப் பார்த்தேன்

வெள்ளவத்தை வீட்டு பல்கனிக் கம்பியில் ஏறிய சீந்தில் கொடி ஒருவழியாகப் பெருவிரல் அளவு தடித்துவிட்டது. காய்ந்த துண்டென்றால் புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துக் கடைகளில் ரசகிந்த என்று சிங்களப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே தருவார்கள். சீந்தில் சர்க்கரை என்பது தண்டிலிருந்து வடித்தெடுக்கும் வெள்ளை மா, அதற்குப் பச்சைத் தண்டுதான் வேண்டும்.

காகிதம் போன்ற மேல்தோலைச் சுரண்டி, துண்டாக்கி, உரலில் நார் நாராக இடித்தேன். பிளெண்டர் சரிவராது, நார் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் பிசைந்து பழைய வேட்டித் துணியில் வடித்தேன். கலங்கல் நீரை அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மா படிகிறது. மேல்நீரை இறுத்து, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி தெளியவிட வேண்டும். கழுவக் கழுவக் கைப்பு குறையும்.

கொழும்பின் ஈரக்காற்றில் உலர்த்துவதுதான் பெரும்பாடு. பீங்கான் தட்டில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். ஒரு கூடைத் தண்டுக்குக் கிடைத்தது தேக்கரண்டிக் கணக்குத்தான்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஒரு சிட்டிகையில் அயடீன் விட்டேன், கருநீலமாகியது. மாச்சத்து. அப்படியானால் நோய் எதிர்ப்புக்கு என்று நாம் நம்பும் கைப்பில் பெரும்பகுதியை இறுத்த நீரோடு சிங்கில் ஊற்றிவிடுகிறோமா? சித்தவைத்தியம் இந்தச் சர்க்கரையைச் சூட்டுக்கும் எரிவுக்கும் கொடுப்பது இப்போது பொருத்தமாகப் படுகிறது. சீந்திலின் சில சேர்மங்கள் வெள்ளணுக்களைத் தூண்டுவதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் நடந்த சோதனைகள் சிறியவை. இதைச் சாப்பிட்டால் சளி, தடிமன் வராது என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். கோவிட் காலத்தில் தொடர்ந்து சீந்தில் எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். வேறு இனமான தினோஸ்போரா கிறிஸ்பா மாறிப் போயிருக்கலாம் என்றது பாரம்பரிய மருத்துவத்துக்கான இந்திய ஆயுஷ் அமைச்சு. அதன் தண்டு முழுக்கப் பரு. மேல்வீட்டு அன்ரி அன்போடு தந்த கொடியும் அப்படித்தான் இருந்தது, உரலுக்கு விடவில்லை.

அம்மா நீரிழிவு மாத்திரை போடுபவர். சீந்திலும் இரத்தச் சீனியை இறக்கும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் கொடுப்பதாக இல்லை. அம்மாவோ போத்தலை எங்கே வைத்தாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.