ஸ்பிட்ஃபயரின் வேகம் என்பது ஒரே ஒரு எண் இல்லை

இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரைப் பிடித்து, "ஸ்பிட்ஃபயர் மார்க் 9, வேகம் மணிக்கு 408 மைல்" என்று ஒரு எண்ணைத் தூக்கிப் போடுவார். எந்த உயரத்தில், எஞ்சின் என்ன பூஸ்டில் (அதாவது சூப்பர்சார்ஜர் என்ற காற்றழுத்தி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தில்) ஓடியது என்று கேட்டால் பதில் வராது. அந்த எண் தப்பில்லை, 25,000 அடியில் அது சரிதான். கடல் மட்டத்துக்கு இறங்கினால் அதே விமானம் 340-ஐக்கூடத் தொடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு 1942-இல் எஞ்சின் நிறுவனமான ரோல்ஸ்-ராய்ஸ் இங்கிலாந்தின் ஹக்னாலில் பறக்கவிட்ட மஸ்டாங் 10 என்ற அமெரிக்கப் போர்விமானம். அதில் மெர்லின் 65 எஞ்சின், கிட்டத்தட்ட ஸ்பிட்ஃபயர் எல்எஃப் 9-இல் (தாழ்வான உயரங்களுக்கான மார்க் 9) இருந்த மெர்லின் 66-இன் இரட்டைப் பிறவி. மஸ்டாங் 22,000 அடியில் 433 மைல், ஸ்பிட்ஃபயர் 21,000 அடியில் 404. வித்தியாசம் வெறும் 7 சதவீதம்தானே என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தேவைப்படும் குதிரைத்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், 1.07-ஐ மும்முறை பெருக்கினால் ஏறக்குறைய 1.23. அதாவது எஞ்சின் திறன் ஏறக்குறைய ஒன்றே என்பதால், எடை அதிகமான மஸ்டாங்குக்குக் காற்றிழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கையின் வடிவம், ரேடியேட்டரை வயிற்றுக்கடியில் வைத்த விதம், எல்லாம் அந்த ஒரு கணக்கில் தெரிகிறது.

ஆனால் இதே மும்மடி நம்மைக் கவிழ்த்தும் விடும். வேகத்தை அளந்ததில் 2 சதவீதம் பிசகினால் இழுவைக் கணக்கில் 6 சதவீதம் பிசகும். 2 சதவீதப் பிசகு வர வெகு நேரம் ஆகாது. 20,000 அடியில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அதனால் வேகமானி 300 என்று காட்டும்போது விமானம் 400-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும், வேகமானிக்காகக் காற்றழுத்தத்தை அளக்கும் பிடோ குழாய் இருக்கும் இடத்தால் வரும் பிழை, அந்த வேகத்தில் காற்று அமுங்குவதால் வரும் பிழை இரண்டையும் கழிக்க வேண்டும். கழித்தார்களா என்பதைச் சோதனை அறிக்கையில் முதலில் தேடுங்கள்.

அப்புறம் எந்த விமானம்? பிரிட்டிஷ் விமான ஆராய்ச்சி மையமான ஃபார்ன்பரோவில் 1943-இல் ஒரு ஸ்பிட்ஃபயர் 5-ஐ எடுத்துச் சின்னச் சின்னதாகத் திருத்திப் பார்த்தார்கள். கார்புரேட்டர் முன்னால் இருந்த பனித்தடுப்பு வலையைக் கழற்றியதில் 8 மைல், புகைக்குழாயை மாற்றியதில் 7, விமானி பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சீராக்கியதில் 3. மேல்பூச்சைத் தேய்த்து மெழுகு பூசியது உட்பட மொத்தம் 28 மைலுக்கு மேல், அதுவும் எஞ்சினைத் தொடாமலே! தொழிற்சாலையிலிருந்து பளபளவென்று வந்ததையும் படைப்பிரிவில் மாதக்கணக்கில் அடிபட்டதையும் ஒரே கோட்டில் வரைந்து 15 மைல் வித்தியாசத்துக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

பூஸ்ட் விஷயமும் இப்படித்தான். 1944-இல் 150 ஆக்டேன் பெட்ரோல் வந்து பூஸ்ட் சதுர அங்குலத்துக்கு +18 பவுண்டிலிருந்து +25 ஆனதும் தாழ்வான உயரங்களில் வேகம் நன்றாகவே கூடியது, மேலே போனால் சூப்பர்சார்ஜரால் அந்த அழுத்தத்தைத் தரவே முடியாது, அங்கே கூடுதல் பூஸ்டால் பயன் இல்லை.

எதிரியிடமிருந்து கிடைத்த விமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1942 ஜூனில் வேல்ஸின் பெம்ப்ரேயில் தவறுதலாக வந்திறங்கிய ஜெர்மன் போர்விமானம் ஃபோக்க-வுல்ஃப் 190-ஐ வைத்துப் பிரிட்டிஷார் செய்த சோதனை தங்கச் சுரங்கம், சந்தேகமே இல்லை. ஆனால் எஞ்சின் சோதனை முழுக்க முரட்டுத்தனமாக அதிர்ந்தபடி ஓடியது என்று அதே அறிக்கை சொல்கிறது. ஜெர்மன் தாள்களிலும் தேதியைப் பாருங்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-யின் எஞ்சினுக்கு 1.42 ஆட்டா (ஜெர்மானியர்கள் பூஸ்டை அளந்த அலகு, ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) என்ற உச்ச அழுத்தம் குறித்திருக்கும், ஆனால் 1943-இன் பெரும்பகுதி வரை விமானிகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை, அவர்கள் பறந்தது 1.3-இல்.