ஆயில் எஞ்சின் கரும்புகை: எலிமென்ட் மாற்றும் முன் ஷிம்மை எண்ணுங்கள்

நாங்குநேரிப் பக்கம் பிசான நெற்பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் குளத்துத் தண்ணி மடைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆயில் எஞ்சின்தான் கதி. அந்த நேரம் பார்த்து 5 எச்பி எஞ்சின் கரும்புகை கக்கியது. டீசல் பம்ப் கடையில் கழற்றிப் பார்க்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: "எலிமென்ட் போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்." எலிமென்ட் என்பது டீசல் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் (டீசலை அமுக்கும் தண்டு), பேரல் (அது ஏறி இறங்கும் உறை) ஜோடி. அதை மாற்றினார்கள், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலும் புதுசு போட்டார்கள். புகை இம்மியும் குறையவில்லை. கோளாறு டீசல் பம்புக்கு அடியில் இருந்தது. முன்பு யாரோ கழற்றி மாட்டியபோது ஒரு ஷிம் (பம்புக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) கூடுதலாக ஏறியிருக்கிறது. புது எலிமென்ட் போட்ட கடைக்காரர்களும் ஸ்பில் டைமிங் (டீசல் ஒழுக்கு நிற்கும் இடத்தை வைத்து இன்ஜெக்‌ஷன் தொடங்கும் நேரத்தை அளப்பது) பார்க்கவில்லை.

பம்பில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு லோடில் சில நொடி மட்டும் ஓட்டுங்கள். புகை குறைந்தால் அடைப்பு அங்கேதான். நாசிலை டெஸ்டரில் வைத்து, மேனுவலில் உள்ள பிரஷரில் திறக்கிறதா, சொட்டாமல் பனியாகத் தெளிக்கிறதா என்று பாருங்கள். (தெளிப்புக்கு முன்னால் விரலை நீட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) நாசிலைத் திரும்ப மாட்டும்போது பழைய செம்பு வாஷர் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புது வாஷர் போட்டால் நாசில் நுனி மேலே ஏறி, தெளிப்பு இடம் மாறிவிடும். அதற்கும் இதே கரும்புகைதான்.

இவை சரியென்றால் டைமிங். இந்த எஞ்சின்களில் வரும் ஒற்றைப் பிளஞ்சர் டீசல் பம்பில் (பி.எஃப். பம்ப்) டைமிங்கைத் தீர்மானிப்பது அடியில் உள்ள ஷிம்களின் மொத்தக் கனம். கனம் கூடினால் பிளஞ்சர், டீசல் உள்ளே வரும் துளையை மூட இன்னும் மேலே ஏற வேண்டும், டீசல் தாமதமாகப் போகும், முழுசாக எரியாது. கனம் குறைந்தால் முந்தும். ரொம்ப முந்தினால் எஞ்சின் தட்டும், ஹாண்டில் போடும்போது எதிர்த்து அடிக்கும்.

ஸ்பில் பார்க்க, பம்பின் தலையில் உள்ள டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான டீசலில் போட்டுவிட்டு, அவற்றை மூடியிருந்த ஹோல்டரை மட்டும் திரும்ப முடுக்குங்கள். அதில் வளைந்த குழாய் ஒன்றை மாட்டுங்கள்; பழைய நாசில் பைப் துண்டே போதும். ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் தண்டு) முழு டீசல் நிலையில் இருக்க வேண்டும். நிறுத்தும் நிலையில் இருந்தால் பிளஞ்சர் எவ்வளவு ஏறினாலும் சொட்டு நிற்காது, அரை நாள் வீணாகும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் காற்றை அமுக்கி மேலே ஏறும்போது) பிளைவீலை ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். குழாயில் வரும் டீசல் ஒழுக்கு சொட்டாகி, சொட்டும் நிற்கும் இடம்தான் இன்ஜெக்‌ஷன் தொடக்கம். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள்.

பிளைவீலில் டிகிரி குறி இல்லையென்றால் அளக்கும் டேப் போதும். சுற்றளவு 1440 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 4 மி.மீ.; 23 டிகிரி என்பது டி.சி. குறிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தின் குறி) 92 மி.மீ. முன்னால். 1500 சுற்று எஞ்சின்களில் பெரும்பாலும் 23 முதல் 27 டிகிரிக்குள் இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு மேனுவலில் உள்ளதே அளவு. இங்கே 23-க்குப் பதில் 20 காட்டியது. ஒரு ஷிம்மை உருவியதும் குறியில் வந்து நின்றது. ஒவ்வொன்றாக எடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஸ்பில் பாருங்கள். ஷிம் கிடைக்கவில்லை என்று அட்டையை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது டீசலில் ஊறி நசுங்கி, டைமிங் தானாக முந்திவிடும்.

பம்பைத் திரும்ப வைக்கும்போது ரேக், கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) லீவரோடு சேர்ந்திருப்பதை உறுதி செய்யாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சேராவிட்டால் எஞ்சின் கட்டுமீறி ஓடும். டேங்க் குழாயை மூடினாலும் உடனே நிற்காது, காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். அந்தப் பலகையைக் கையருகில் வைத்துக்கொண்டே முதல் ஸ்டார்ட் போடுங்கள். டெலிவரி ஹோல்டரை அளவுக்கு மீறி இறுக்கினால் பேரல் நெளிந்து ரேக் பிடிக்கும். இறுக்கிய பின் விரலால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் நகர வேண்டும். பிறகு டீசல் லைனில் ஏர் எடுப்பது வழக்கம்போலத்தான்.

புகை ஸ்டார்ட்டில் ஒரு குப்பென்று வந்ததோடு சரி. 5 எச்பி எஞ்சின் முழு லோடில் மணிக்குச் சுமார் 1.1 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் அளந்து ஊற்றி, ஐம்பது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறதா என்று பாருங்கள். டைமிங் சரியாகியும் நாற்பதிலேயே தீர்ந்து கரும்புகையும் வந்தால், எஞ்சினை விட்டுவிட்டுத் தண்ணி பம்பைப் பாருங்கள். ஏழரை எச்பிக்கு உரிய பம்பை 5 எச்பி எஞ்சினில் பூட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் நம் பக்கம் உண்டு. அதற்கு ஷிம் எண்ணிப் பயனில்லை.