வண்டி போயிருச்சு, கல்லு அங்கேயே கெடக்குது

சங்ககிரியில் இருந்து அவிநாசி வரைக்கும் விடிகாலையில் வண்டி ஓட்டிப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் இடது ஓரமாக நாலைந்து கற்கள் வரிசையாகக் கிடக்கும். பக்கத்தில் வாடிப்போன வேப்பங்கிளை ஒன்று. ராத்திரி அங்கே ஒரு லாரி நின்றிருக்கிறது. பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று கல்லை வைத்து, கிளையை ஒடித்துப் போட்டிருக்கிறார்கள். டயர் மாட்டியதும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த ராத்திரி அந்தக் கல்லில் முன் சக்கரத்தை ஏற்றப்போகிறவர், பெருந்துறையில் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற பைக்காரர்.

வழியில் வண்டி நின்றால் எல்லாருக்கும் முதலில் கை போவது பானெட்டுக்கு. பழுது ஆளைக் கொல்வது அபூர்வம். நின்ற வண்டியின் முதுகில் வந்து மோதுகிற வண்டிதான் கொல்கிறது. அதனால் ஸ்பேனரைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டி இழுக்கவில்லை, ஸ்டீயரிங் ஒரு பக்கம் போகிறது என்று தெரிந்த உடனே பிரேக்கை மிதிக்காதீர்கள். ஓடுகிற வேகம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இடது இண்டிகேட்டர் போட்டு, தார் ரோட்டை விட்டு முழுவதுமாக இறக்குங்கள். பஞ்சர் ஆன வண்டியையும் ஆள் நடக்கிற வேகத்தில் நூறு மீட்டர் உருட்டி, அகலமான இடத்துக்குக் கொண்டுபோகலாம். டயர் கிழிந்துபோகும், போகட்டும். பாலத்தின் மேல், வளைவில், நடுத் தடுப்பை ஒட்டி நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். நின்றதும் நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்கள், முன் சக்கரத்தை இடது பக்கம் ஒடித்து வையுங்கள். எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாகவே இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய், வண்டிக்குப் பத்து மீட்டர் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அடி வாங்கிய வண்டி முன்னால்தான் பாயும், அதனால் அதற்கு முன்னால் நிற்கக் கூடாது. குழந்தை தூங்குகிறது, வெளியே வெயில் என்று யாரையும் நெடுஞ்சாலையில் வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள்.

இருட்டில் ரோட்டை விட்டு இறங்கும்போது டார்ச்சைத் தரையில் அடித்துப் பார்த்து இறங்குங்கள். நம் ஊர்த் தோட்டங்களில் ரோட்டோரமாகவே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இருக்கின்றன. கீழ்பவானி, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரை ரோடுகளிலும் அப்படித்தான், இரண்டடி தள்ளினால் தண்ணீர்.

பிறகு முக்கோணம். புது காரோடு வருகிற சிவப்பு எதிரொளிப்பான் முக்கோணத்தைப் பாதிப் பேர் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிரித்தவர்களும் வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்துவிடுகிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றாலே 33 மீட்டர் போய்விட்டது. காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் உள்ள காருக்கு அதற்கு மேல் இன்னும் 35, 40 மீட்டர் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு அதுவும் போதாது. எனவே ஊர் ரோட்டில் 50 மீட்டர், நான்கு வழிச் சாலையில் 100 முதல் 150 மீட்டர். எட்டு வைத்து எண்ணினால் 100 மீட்டருக்குச் சுமார் 130 எட்டு. மண் ஓரமாகவே நடந்து போங்கள். முக்கோணத்தை நெஞ்சுக்கு நேராக, வருகிற வண்டிகள் பக்கம் காட்டியபடி பிடித்துப் போனால் நீங்களும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவீர்கள்.

ஆடி மாதம் உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த முக்கோணத்தைத் தூக்கி எறிந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்கிற ஊரில் பிளாஸ்டிக் முக்கோணம் எம்மாத்திரம்? அதன் காலின் மேல் ஒரு கல்லை வையுங்கள். முக்கோணத்தை எடுக்கும்போது அந்தக் கல்லையும் எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசுங்கள். முக்கோணமே இல்லை என்றால் தழை வைக்கலாம், கல் அடுக்கக் கூடாது. தழைமேல் பைக் ஏறினால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

மலையில் கணக்கு வேறு. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வளைவுக்குள் நின்றுவிட்டால் முக்கோணம் வளைவுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். ஏறி வருகிறவருக்கு ஒன்று, இறங்கி வருகிறவருக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். பண்ணாரிக்கு மேலே புலிகள் காப்பகம் என்பதை மறக்காதீர்கள். அங்கே நின்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருங்கள். யானை தெரிந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். சிக்னல் கிடைக்காத இடம் நிறைய உண்டு. அந்த வழியாகப் போகிற பஸ்காரரிடமோ லாரிக்காரரிடமோ பண்ணாரி அல்லது ஆசனூர் சோதனைச் சாவடியில் சொல்லச் சொன்னால் போதும்.

போன் எண்கள் மூன்று: தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, ஆளுக்கு அடி என்றால் 108, போலீஸ் உட்பட எதற்கும் 112. எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்வதில்தான் நேரம் வீணாகிறது. 'பவானி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்' என்றால் யாருக்கும் புரியாது. கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் அடித்தது தேசிய நெடுஞ்சாலை, பச்சை அடித்தது மாநிலச் சாலை. கல்லில் உள்ள எண்ணையும், எந்தப் பக்கம் போகிற வழி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "சேலத்தில் இருந்து கோயமுத்தூர் போற பக்கமுங்க." பக்கத்தைச் சொல்லாவிட்டால் ரோந்து வண்டி எதிர்ப் பக்கத்தில் வந்து, திரும்ப அடுத்த பாலம் வரை போக வேண்டியிருக்கும்.

இனி டயர். ஸ்டெப்னியில் காற்று இல்லாததுதான் மிகப் பெரிய வில்லங்கம். மாதம் ஒரு முறை மற்ற நான்கோடு அதையும் பாருங்கள். ஓட்டுநர் கதவை ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை விட மூன்று பிஎஸ்ஐ கூடவே அடித்து வைக்கலாம். ஸ்டெப்னி மற்ற டயர்களை விடச் சின்னதாக இருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியை விட்டு நழுவும். பஞ்சர் கடையில் காற்று கன் வைத்து இறுக்கிய நட்டு, டூல் பையில் இருக்கும் ஒரு சாண் ஸ்பேனருக்கு அசையாது. இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை டிக்கியில் போட்டு வைத்து ஸ்பேனர் பிடியில் செருகினால், கையால் ஒரு அழுத்தில் விடும். கழற்றுகிற சக்கரத்துக்கு எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை அண்டக் கொடுங்கள். மண்ணில் ஜாக்கியை அப்படியே வைக்காதீர்கள். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கக் கரிசலில் மழைக்குப் பிறகு வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஓரங்குலக் கனத்தில் ஒரு பலகைத் துண்டு போதும். ஜாக்கி பிடிக்க வேண்டிய இடம், கதவுக்குக் கீழே தகட்டின் விளிம்பில் வெட்டு விட்டிருக்கும் இடம் மட்டுமே. வேறு எங்கே வைத்தாலும் தகடு மடங்கும். வண்டியைத் தூக்கியதும் ஸ்டெப்னியைப் படுக்கப் போட்டு வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கழற்றியதும் பழைய சக்கரத்தை அதன் இடத்தில் வையுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி உங்கள் கைமேல் இறங்காமல் சக்கரம் தாங்கும்.

நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் வரவில்லை என்றால் நடுவில் துரு பிடித்திருக்கிறது. ஜாக்கியில் நிற்கிற வண்டியின் சக்கரத்தைப் பிடித்து உலுக்காதீர்கள். நட்டுகளை இரண்டு மூன்று மரை மட்டும் மாட்டி, வண்டியை மெல்ல இறக்கிச் சக்கரத்தில் பாரம் விழவிடுங்கள். 'டக்' என்று விடும். மாட்டும்போது நட்டின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்று விட்டு எதிரெதிராக இறுக்குங்கள். கடைசி இறுக்கு தரையில் இறக்கிய பிறகு.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். காற்று மெதுவாக இறங்குகிறது என்றால், சிகரெட் சாக்கெட்டில் செருகுகிற 12 வோல்ட் பம்பில் ஐந்து பத்து நிமிடம் அடித்து, அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போய்விடலாம். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை, டயரை மாற்றத்தான் வேண்டும்.

மலை ஏறும்போது சூடு முள் மேலே போனால் முதலில் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உட்காரவே முடியாதுதான், ஆனால் இஞ்சினின் சூட்டை அது வெளியே எடுக்கும். ஆவி வந்தால், தண்ணீர் ஒழுகினால் உடனே இஞ்சினை அணையுங்கள். முள் திடீரென்று இறங்கிவிட்டது, ஆனால் இஞ்சின் வாடை அடிக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் தீர்ந்து சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்போதும் முள் இறங்கும்.

ரேடியேட்டர் மூடியை முக்கால் மணி நேரம் தொடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி விட்ட நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு தடித்த ஈரத்துணியைப் போட்டுப் பாதித் திருகு திருகி, சீறல் அடங்கியதும் முழுவதும் எடுங்கள். இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூட்டு இரும்பில் குளிர் தண்ணீரைக் குடமாக ஊற்றினால் ஹெட் விரிசல் விடும், அப்புறம் ஆயிரக்கணக்கில் செலவு. ஹோஸ் பைப்பில் விரிசல் என்றால் துடைத்துக் காய வைத்து டேப்பை இறுகச் சுற்றி, மூடியைப் பாதித் திருகில் விட்டு, மெதுவாக ஓட்டுங்கள். அழுத்தம் ஏறாததால் டேப் தாங்கும். ஐந்து லிட்டர் கேன் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இறங்கும்போது பழைய டிரைவர்கள் சொல்வதுதான் சரி: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. பிரேக் லைனிங் கருகுகிற வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கட்டை அண்டக் கொடுத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

பேட்டரி இறங்கியிருந்தால் ஜம்பர் கேபிள் போடும் முறை இது. சிவப்பு முதலில் இறங்கின பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்த முனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை நின்றுபோன வண்டியின் இஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். அந்தக் கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால்தான் அதைப் பேட்டரிக்குத் தள்ளி வைக்கிறோம். நல்ல வண்டி ஐந்து நிமிடம் ஓடட்டும், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசையில். முறுக்கிய கம்பி போல மெல்லிசாக இருக்கும் கேபிள் சூடாகுமே தவிர வண்டியைக் கிளப்பாது. உதவ வருகிறவர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்கள், மனசும் பெரிது. ஆனால் லாரி 24 வோல்ட், கார் 12 வோல்ட். அவரிடம் கயிறு வாங்கலாம், கரண்ட் வாங்கக் கூடாது. கட்டி இழுக்கும்போது சாவியை ஆனில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரைக் கட்டி இழுக்கவே வேண்டாம், தூக்கி ஏற்றுகிற வண்டிக்குச் சொல்லுங்கள்.

பைக்காரர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கிளட்ச் கேபிள், ஒரு செயின் லாக், ஒரு ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர். டியூப் டயர் என்றால் அந்த அளவில் ஒரு டியூப். மாட்டத் தெரியாவிட்டாலும் வைத்திருங்கள், சின்ன ஊர்க் கடையில் உங்கள் அளவு இருக்காது.

அடுத்தவர் வண்டி நின்றிருப்பதைப் பார்த்து நிறுத்துகிறவர்கள், அவர் வண்டியைத் தாண்டி முன்னால் போய், ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்கள். பக்கத்தில் இணையாக நிறுத்திக் கண்ணாடி வழியாகப் பேசுவது ரோட்டை அடைக்கும். நாலடி தள்ளியே நின்று, "ஏனுங்க, வண்டிக்கு என்னாச்சுங்க? ஒத்தாசை ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேளுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வண்டி என்றால், "நீங்க கண்ணாடிய இறக்க வேண்டாமுங்க, யாருக்குப் போன் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்றால் கிளம்பிவிடுங்கள். முக்கோணம் இல்லாமல் நிற்கிறார்கள் என்றால் உங்களுடையதை வைத்துக் கொடுங்கள். தண்ணீர் கேட்காமலே கொடுங்கள், வெயிலில் நிற்கிறவருக்கு முதல் உதவியே அதுதான்.

விபத்து என்றால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தந்திருக்கின்றன. பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொள்கிறது. தனியார் மருத்துவமனைகள் பலவும் அதில் சேர்ந்திருக்கின்றன.

வேலை முடிந்ததும் பலகை, கட்டை, ஜாக்கி எல்லாம் டிக்கிக்குள் போகட்டும். எல்லாரும் உள்ளே உட்கார்ந்த பிறகு முக்கோணத்தைக் கடைசியாக எடுத்து வாருங்கள், வைத்த கல், போட்ட கிளை எல்லாவற்றையும் சேர்த்து. நான்கு இண்டிகேட்டரும் எரிய, மண் ஓரத்திலேயே கொஞ்சம் வேகம் பிடித்து ரோட்டில் ஏறுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு முறை நட்டை இறுக்கிப் பார்க்க வேண்டும். சங்ககிரியில் மாட்டிய டயர் என்றால் பெருந்துறையில் டீ குடிக்க நிறுத்தும்போது ஸ்பேனரைக் கையில் எடுங்கள், ஏதாவது ஒரு நட்டு கால் சுற்று போகும்.