திண்ணையில் ஒரு கிண்ணம் மரச்சீனிக் கூழ்

சென்ற ஆண்டு ஆனிச் சாரலின்போது, தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில், நான்கு வயது மகள் ஒரு தாளையும் பென்சிலையும் என்னிடம் நீட்டி, "எனக்கு வரைய வராதும்மா, நீயே வரைஞ்சு தா" என்றாள். இரண்டு வயதில் அடுப்புக்கரியை எடுத்துத் தரையெல்லாம் சுற்றிச் சுற்றிக் கோடிழுத்தவள் அவள். இடையில் என்ன நடந்தது என்று யோசித்தபோது, பாலர் வகுப்பிலிருந்து வாரந்தோறும் வந்துகொண்டிருந்த, மாம்பழமும் மயிலும் முன்பே அச்சிடப்பட்ட தாள்கள் நினைவுக்கு வந்தன. கோட்டைத் தாண்டி வண்ணம் போகக்கூடாது என்பது ஒன்றைத்தான் அவை அவளுக்குக் கற்றுத் தந்திருந்தன. ஆனாலும் குறையை அங்கே மட்டும் சுமத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் யானை என்று கிறுக்கிக் கொண்டுவந்ததை வாங்கி, தும்பிக்கையைத் திருத்திக் கொடுத்தவள் நான்தான்.

அன்று முதல் பிள்ளைகளின் தாளை என் கை தொடுவதில்லை.

பென்சிலை எடுத்து வைத்துவிட்டு, விரலால் தொட்டு வரையும் வண்ணக் கூழில் தொடங்கினேன். பச்சை மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைத் துருவி, தண்ணீர் விட்டுத் துணியில் பிழிந்து, அடியில் தங்கும் வெள்ளை மாவைக் காயவைத்து எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பசிக்கு உணவாகப் பரப்பிய கிழங்கு இது. பிள்ளைகளின் விரலுக்கும் இவ்வளவு உதவும் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அரை டம்ளர் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் இரண்டு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால், சற்று நேரத்தில் கண்ணாடிபோலத் தெளிந்த கூழாகிவிடும். நன்றாக ஆறிய பிறகு ஒரு கிண்ணத்தில் மஞ்சளையும், இன்னொன்றில் பீட்ரூட் சாற்றையும் கலந்தேன். அவள் தம்பி சின்னவன் விரலை நக்கினாலும் பயமில்லை. மறுநாளே புளிக்கத் தொடங்கும் என்பதால், மிச்சத்தைத் தென்னை மூட்டில் கொட்டிவிட வேண்டியதுதான்.

இரண்டு வண்ணம் போதுமா என்று என் அம்மா கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பத்மநாபபுரம் அரண்மனையில், உப்பிரிகை மாளிகையின் மேல்மாடிச் சுவர்களிலுள்ள ஓவியங்கள் கேரளச் சுவரோவிய மரபைச் சேர்ந்தவை; அம்மரபில் காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்னும் ஐந்து வண்ணங்களுக்குள்ளேயே தெய்வங்களும் யானைகளும் பூங்கொடிகளும் அடங்கிவிடுகின்றன. இருபத்து நான்கு வண்ணப் பெட்டியைத் திறந்து வைத்தால், சிறுபிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கும். இரண்டை மட்டும் வைத்தால், அவற்றைக் கலக்கத் தொடங்கும் என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

அப்படிக் கலக்கும்போதுதான் அது நடந்தது. திண்ணையைத் துடைப்பதற்காக ஒரு குவளையில் சமையல் சோடாவைக் கரைத்து வைத்திருந்தேன். மகள் அதை எடுத்து மஞ்சள் கூழில் ஊற்றிவிட்டாள். நான் தடுக்க எழுவதற்குள் மஞ்சள் செங்கல் நிறமாக மாறி, அவள் விரலால் கிளறக் கிளற ஆழ்ந்த சிவப்பாயிற்று. அவள் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பிறகு ஏறக்குறைய முக்கால் மணி நேரம், துளித் துளியாக ஊற்றுவதும், நிறம் மாறும் இடத்தை உற்றுப் பார்ப்பதுமாக அங்கேயே இருந்தாள். அம்மா அருகில் வந்து, "மக்களே, ஆரத்தித் தண்ணி இப்படித்தான் சிவக்கும்" என்றார். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், சோடா போன்ற காரப்பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் அந்த வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும் என்பதால், பிள்ளைகளுக்குச் சோடா மட்டுமே. சில நாள் கழித்து அவளே வேலியிலிருந்து சங்குப்பூவைப் பறித்து வந்தாள். வெந்நீரில் ஊறிய அந்த நீலம் எலுமிச்சைச் சாற்றில் ஊதாவாகியது.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், குறுக்கே போகாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

சின்னவனின் கிறுக்கலையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் பாலர் பள்ளிகளை நடத்திய ரோடா கெல்லாக், பல நாட்டுக் குழந்தைகளின் படங்களை லட்சக்கணக்கில் சேர்த்து ஆராய்ந்தவர். கிறுக்கல்களில் 20 அடிப்படை வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவதாகவும், அவற்றிலிருந்து வட்டமும் சிலுவைக்கோடும், பிறகு கதிர் விரித்த சூரியனும், அதிலிருந்து மனித உருவமும் பிறப்பதாகவும் அவர் எழுதினார். யாரும் கற்றுக்கொடுக்காமலே பிள்ளை ஏறும் அந்தப் படிகளின் நடுவில், நாம் ஒரு மாம்பழத்தை அச்சிட்டு நீட்டிவிடுகிறோம். இரண்டு வயதில் கோடு தோளிலிருந்தே வருவதால், சின்னத் தாள் அவனுக்குப் போதவில்லை. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கமும், விரித்துப்போட்ட சாக்கின்மேல் வைத்த கமுகம்பாளையும் நன்றாகப் பயன்படுகின்றன. தூரிகை வாங்கவில்லை, ஒரு துண்டுக் கதம்பையின் (தேங்காய் மட்டையின்) முனையை இடித்துக் கொடுத்தால் நார் பிரிந்து தூரிகையாகிவிடுகிறது.

பாராட்டு விஷயத்தில்தான் வீட்டில் வாக்குவாதம் வந்தது. பெரியவர்கள் யாராவது வந்தால், "இது என்ன படம்?" என்று கேட்பார்கள், அல்லது நன்றாக வரைந்தால் மிட்டாய் தருவதாகச் சொல்வார்கள். 1973-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த பிறகு, இந்த இரண்டாவதை நான் கண்டிப்பாக நிறுத்திவிட்டேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில், வண்ணப்பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தும் இருக்கிறார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பரிசு எதுவுமின்றிப் பேனாக்களை வைத்தபோது, மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் அந்தப் பிள்ளைகள் வரைந்தார்கள். என்ன படம் என்று கேட்பதை விட்டுவிட்டு, "இங்கே ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்க" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். அதற்கு மகள் சில சமயம் ஒரு நீண்ட கதையே சொல்வாள்.

பொருளைத் தேர்வதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. குன்றிமணி எவ்வளவு அழகாக இருந்தாலும் கொடிய நஞ்சு. தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பூக்களில் அரளியைத் தனியே பிரித்து எடுத்துவிடுகிறேன். மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதையான மஞ்சாடி முத்துகூட மூன்று வயதுக்குள் தொண்டையில் சிக்கலாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் பிள்ளைகள் குச்சியால் கோடு போட்டு விளையாடுவார்கள், ஆனால் அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்னும் கனிமமும் இருப்பதால் குப்பியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

களிமண் இந்தத் தையில்தான் வந்தது. மண்பானை செய்யும் வீட்டில் பிசைந்த மண் ஒரு கட்டி வாங்கினேன். சின்னவன் ஒரு வாரம் முழுவதும் அதில் விரலால் குழி மட்டுமே போட்டான். எட்டாம் நாள் ஒரு குழிக்குள் தண்ணீர் ஊற்றி, அது தேங்கி நிற்பதைக் கண்டு கைதட்டினான்.

அந்த ஆனி மாதத்துத் தாள்களைத் தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். பீட்ரூட் தடங்கள் பழுப்பாகிவிட்டன. வெயில் பட்ட ஓரங்களில் மஞ்சள் அநேகமாக மறைந்துவிட்டது. மகள் அவற்றை ஒருமுறைகூடத் திரும்பக் கேட்டதில்லை. இன்று காலையில் அவள் கேட்டது, சோடா டப்பா எங்கே இருக்கிறது என்றுதான்.