இரத்தத்தில் வந்த மலை

இன்று பார்த்த காணொலி ஒன்றில், திபெத்தியப் பீடபூமியின் சரிவில் யாக் மந்தையை ஓட்டிச் செல்லும் பெண்ணொருத்தி பாடிக்கொண்டே ஏறுகிறாள். படம்பிடித்தவரின் இரைப்பும் பாட்டுக்கு நடுவே கேட்கிறது.

4,000 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான்.

சமவெளியிலிருந்து செல்பவரின் உடல் இதை ஈடுகட்டச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. அது அளவு மீறினால் இரத்தம் தடித்து இதயத்துக்குச் சுமையாகிறது. ஆண்டீஸ் மலைவாழ் மக்களிடம் காணப்படும் இந்த நோயைப் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925-இல் விவரித்தார். திபெத்தியர்களில் பெரும்பாலோரிடம் உள்ள இ.பி.ஏ.எஸ்.1 மரபணுவின் மாறுபட்ட வடிவமோ, அந்தப் பெருக்கத்தையே மட்டுப்படுத்துகிறது.

என்னை வியக்கவைப்பது அதன் பூர்வீகம்.

அழிந்துபோன டெனிசோவன் மனிதர்களோடு நிகழ்ந்த கலப்பில் அது வந்திருக்க வேண்டும் என்று 2014-இல் வெளியான மரபணு ஒப்பீடு காட்டியது. (அவர்களைப் பற்றி அறிய அப்போது கையிலிருந்தவை ஒரு விரலெலும்பும் சில பற்களும்தான்!) அதே பீடபூமியின் விளிம்பில், 3,280 மீட்டர் உயரத்துக் குகையொன்றில் கிடைத்த தாடையெலும்பு டெனிசோவனுடையது என்று 2019-இல் அறிவித்தார்கள், அதன் வயது குறைந்தது 1,60,000 ஆண்டுகள்.